அரைப் பங்கு

நடுத்திட்டுக் குப்பத்தில் மீசை முளைத்தவனெல்லாம் ஆள் ஆகிவிட முடியாது. தாடியும் முளைத்து அதில் ரெண்டு முடி நரைத்தாலும், கல்யாணம் ஆகாதவரை அவன் பையன்தான். பழவேற்காட்டு ஏரியில் வலை கட்டும் இடங்களை அந்த ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று மாசி மாதம் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சீட்டில் பேர் வர வேண்டுமானால் தலைக்கட்டு ஆகியிருக்க வேண்டும். தலைக்கட்டு ஆக வேண்டுமானால் தாலி கட்டியிருக்க வேண்டும். கட்டினவனுக்குச் சபையில் வைத்துத் தலைப்பாகை சுற்றிவிடுவார்கள். அன்றிலிருந்து அவனுக்கு முழுப் பங்கு. கட்டாதவனுக்கு அரைப் பங்கு, சபையில் பேச வாய் கிடையாது, உட்காரும் இடம் வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம், மூக்கு ஒழுகும் பொடிசுகளோடு.

தெய்வசிகாமணி அந்தப் பொடிசுகளோடு உட்கார்ந்துகொண்டிருந்தான். அவனுக்கு இருபத்தேழு வயது. அவனோடு சேர்ந்து நீச்சல் பழகினவர்களெல்லாம் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து தலைப்பாகையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எமர்ஜென்சி போய், அடுத்து வந்த ஆட்சியும் ஆட்டம் கண்டிருந்த வருஷம் அது. இறாலுக்குப் புதிதாக விலை வந்திருந்தது. ஐஸ் ஏற்றிய வண்டிகள் ஆரம்பாக்கம்வரை வந்து நின்றன. அதனால் எந்த வீட்டுக்கு எத்தனை தலைக்கட்டு என்ற பேச்சும் முன்னைவிட உரக்கக் கேட்க ஆரம்பித்தது.

அவன் வீட்டில் தலைக்கட்டு அவன் அப்பா தருமலிங்கம். ஒரு காலத்தில் கடல் வாய்வரைக்கும் ஒற்றைக் கழியால் படகைத் தள்ளிக்கொண்டு போனவர். இப்போது முழங்கால் இரண்டும் விட்டுப்போய், காதும் மந்தமாகி, குடிசை வாசலில் கருவாட்டுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். ஆனாலும் பாடு நாளில் முதல் கழியைத் தலைக்கட்டுதான் தன் கையால் நட வேண்டும். பையன் நட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். ஆகவே அந்த நாட்களில் தெய்வசிகாமணி அப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற படகுவரைக்கும் நடப்பான். கிழவர் படகு விளிம்பில் சாய்ந்து கழியைக் கையால் தொட்டு அழுத்துவார். மற்ற வேலையெல்லாம் மகனுடையது. பிறகு அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படகிலேயே தூங்கிவிடுவார். ஆளைப் பையன் சுமந்துகொண்டு போகிறான் பார் என்று பெண்கள் கரையில் நின்று சிரிப்பார்கள்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீருக்குப் போக முடியாத கிழவர் பேர், மகன் தலைப்பாகை கட்டின அன்றே சீட்டிலிருந்து அடிக்கப்படும். கால் ஊன்றி நிற்கிறவன்தான் கணக்கில் வருவான். இதை யாரும் கொடுமை என்று நினைத்ததில்லை. வாடை அடிக்கிற மாதத்தில் வாடை அடிக்கத்தான் செய்யும் என்பது மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

தெய்வசிகாமணிக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஊர் சொன்ன காரணம் அவன் அக்கா இந்திராணி. அவளுக்கு இருபத்தொன்பது. மூத்தவள் வீட்டில் இருக்கும்போது தம்பி தாலி கட்டுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. அம்மா செத்த பிறகு அந்த வீட்டில் உலை வைத்தவள், வலை பிரித்தவள், இறால் தலை கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனவள் அவள்தான். அக்காக்காரி குறுக்கே நிற்கிறாள் என்று குழாயடியில் பேசுவது அவள் காதிலும் விழும். அவளும் அதை நம்பினாள். அதனாலேயே தன் வீட்டிலேயே வழியை அடைத்துக்கொண்டிருக்கிறவள் மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். எனக்கு அவளை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

கார்த்திகை கடைசியில் ஒருநாள் தெய்வசிகாமணி வலைக்கு ஈயக்குண்டு வாங்கச் சுண்ணாம்புக்குளம் போனான். ஈயக்குண்டு பழவேற்காட்டிலும் கிடைக்கும். சுண்ணாம்புக்குளத்தில் அவன் தாய்மாமன் வீடு இருந்தது, மாமன் மகள் குணசுந்தரி இருந்தாள். அவளுக்கு இருபத்துநாலு. அவனுக்கென்று பேசி வைத்துப் பேச்சே பழையதாகிப் போயிருந்தது. அவள் கரையில் நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா, ஆளா வந்தியா, பையனா வந்தியா?" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

"ஈயக்குண்டு வாங்க வந்தேன்."

"அதான பாத்தேன். ஒக்காரு. எங்கப்பா ஒரு சேதி சொல்லிகினு கீறாரு, நீயே கேட்டுக்கோ. மாசி சீட்டுல ஒம் பேரு வர்லன்னா, தடாவுல ஒருத்தன் சைக்கிள் கட வெச்சிகினு கீறானாம். அவனுக்கு என்ன குட்த்துடுவாராம்."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? எங்கூட பாண்டி ஆடினவளுக்கு ரெண்டு புள்ள. தாவணிலயே கெழவி ஆயிடுவேன் போலகீது. தெருவுல போவ சொல்ல பசங்க என்ன அக்கான்னு கூப்பிடறதா, அத்தன்னு கூப்பிடறதான்னு முழிக்கறானுங்க."

"அக்காவுக்கு ஆவட்டும் சுந்தரி. ஆனதும்..."

"அக்காவுக்கு ஆவட்டும், அக்காவுக்கு ஆவட்டும். எத்தினி வருசமா இதையே சொல்லிகினு கீற? நீ ஒருத்தராண்டயாவது போயி, எங்கக்காவுக்கு ஒரு எடம் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டியா?"

அவன் ஏரியைப் பார்த்தான். தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க, தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு இழுத்த மாதிரி இருந்தது.

"அங்க இன்னா பாக்கற? அதுங்களும் உன்ன மாதிரிதான், தின்னுட்டு நின்னுகினே தூங்கும்." அவள் கையிலிருந்த நெத்திலியை ஓலைப்பாயில் வீசினாள். "நான் ஒன்னத்தான் நெனச்சிகினு கீறேன். அது ஒனக்கு தெரியும். அந்த தைரியத்துலதான் நீ இப்பிடி கீற."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த மடவைக் கருவாட்டை வாழைமட்டையில் சுற்றிக்கொண்டுவந்து கொடுத்தாள். கோபத்தைக் காட்டிவிட்டுக் கருவாட்டையும் கொடுக்கிற பெண்ணை என்ன சொல்ல?

திரும்பி வரும்போது காற்று விழுந்துவிட்டது. ஏரி அசையவில்லை. மேலே மேகம், கீழே அதே மேகம், நடுவில் படகு. தெய்வசிகாமணி கழியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு மல்லாந்து படுத்தான். அவனுக்கு இது ஒரு பழக்கம். படகின் அடிப்பலகையில் முதுகைச் சாய்த்தால் தண்ணீர் மெல்ல மெல்லத் தட்டிக் கொடுக்கும். அப்போது அவனுக்கு வயது கிடையாது. பெண் கேட்டு நிற்க வேண்டாம், சபையில் எழுந்து பேச வேண்டாம், எவன் வலையை எவன் அறுத்தான் என்று சாட்சி சொல்ல வேண்டாம், செத்த வீட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம். சோறு வீட்டில் இருக்கும். அரைப் பங்கு ஒரு குறைதான், ஆனால் அரைப் பங்குக்காரனிடம் யாரும் எதையும் முழுசாகக் கேட்பதில்லை. குணசுந்தரி முகம் மேகத்துக்கிடையில் வந்து வந்து போனது. அவனுக்கு அவள் வேண்டும். படகும் இப்படியே மிதக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்பது தெரிந்தும், தெரியாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டான். இப்படியும் ஒரு மனுஷன்.

மார்கழி பிறந்தது. மார்கழியில் அந்த ஏரி தன்னை யாருக்கும் காட்டாது. வெயில் ஏறுகிறவரை பனி மூடிக் கிடக்கும். எதிரே வருகிற படகு முதலில் இருமலாக வரும், பிறகு பீடி நெருப்பாக வரும், கடைசியில்தான் படகாக வரும்.

அப்படி ஒரு காலையில் மீரான் பாய் இறால் எடுக்க வந்தார். பழவேற்காட்டுக்காரர். அவருடைய பாட்டன்மார் கப்பல் விட்டு வியாபாரம் செய்தவர்கள் என்று சொல்வார்கள். மீரானுக்கு மிஞ்சினது ஒரு படகு, ஒரு ஐஸ் பெட்டி, அப்புறம் ஏரியைச் சுற்றி இருக்கிற அத்தனை குப்பத்துச் சமாச்சாரமும். இறாலை எடுக்கிற ஊரில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து வைத்துக்கொள்வார். அந்தப் பக்கத்தில் பாதிக் கல்யாணங்கள் அவர் வாயால் ஆனவை.

இந்திராணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கையெல்லாம் வெடிச்சு கீது. வெளக்கெண்ண போடக் கூடாதா?"

"கையி கெடக்கட்டும் பாய். ஒங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு கீறேன்."

"கேளும்மா."

அவள் சுற்றும் பார்த்துக்கொண்டாள். "நாலு ஊரு சுத்தறீங்க. எங்க நைனாவாண்ட ஒரு எடம் சொல்லக் கூடாதா? ரெண்டாந்தாரமா இருந்தாலும் சரி. எனக்காவ கேக்கல. தம்பிக்கு வயசாவுது. சுந்தரி ஊட்டுல மாசி வரைக்கும்தான் பாப்பாங்களாம்."

மீரான் தராசைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லலன்னா நெனச்சிகினு கீற?"

"சொன்னீங்களா?"

"அல்லாவே! ஒனக்கு தெரியவே தெரியாதா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆரம்பாக்கத்துல ஒருத்தன் கீறாம்மா. ஒங்க ஆளுங்கதான். ரயில்வேல தண்டவாளம் பாக்கற வேல. கேங்மேன். ஒரு அம்மா மட்டும்தான், அதுவும் போயி சேந்துடுச்சு. நீ ஐஸ் கொட்டாய்க்கு எறா கூடைய தூக்கிகினு வந்தல்ல, அப்ப பாத்துட்டு அவனே வந்து எங்கிட்ட கேட்டான். ஒங்க நைனாவாண்ட வந்து சொன்னேன். இந்த பேச்சு வோணாம் பாய்னாரு. மறுபடி போன வருசம் சொன்னேன். அப்பவும் அதேதான். எம் பொண்ணு எங்கூடவே இருக்கட்டும்னாரு. நீதான் வோணாம்னு சொல்லிகீறியோன்னு நான் அப்பிடியே உட்டுட்டேன்."

இந்திராணி கையிலிருந்த இறாலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் தலையைக் கிள்ளினாள். அடுத்ததை எடுத்தாள். மீரான் நின்று பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏரியில் மேல்காற்று அடிக்கிற நாளில் ஆரம்பாக்கத்து ரயில் சத்தம் நடுத்திட்டுவரை வரும். சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து அவள் அதைக் கேட்டிருக்கிறாள். பாத்திரம் கழுவுகிறபோது அந்தச் சத்தம் வந்தால் கையை நிறுத்திக் கேட்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் எதையும் நினைத்துக்கொண்டதில்லை. அந்தத் தண்டவாளத்தின் ஓரமாக ஒரு மனிதன் சுத்தியலோடு நடந்துபோய்க்கொண்டிருக்கிறான், அவன் தன்னைப் பற்றி ஒருவரிடம் கேட்டிருக்கிறான் என்பது அன்றைக்குப் பகல் முழுக்க அவள் கூடவே வந்தது. முகம் தெரியாத அந்த ஆளுக்கு அவள் மனசுக்குள் ஒரு நீலச் சட்டை போட்டுப் பார்த்தாள், பிறகு காக்கிச் சட்டை. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதற்குப் பின்னால்தான் அழுகை வந்தது.

சாயந்திரம் தம்பி வலை பிரித்துக்கொண்டிருக்கிற இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நைனா ஏன்டா அப்பிடி பண்ணாரு?"

அவன் வலையில் சிக்கின பாசியை ஒவ்வொன்றாக எடுத்தான். "பேரு போயிடும்னு பயந்துகினு இருப்பாரு."

"பேருக்காவயா?"

"நான் தலப்பா கட்டினா அவர் பேர அடிச்சுடுவாங்க இல்ல."

"நீ கேளு. நான் கேட்டா அழுதுடுவேன். அழுதுட்டா அப்பால ஒண்ணும் கேக்க முடியாது."

"நாளைக்கி நம்ம பாடுதான். போவ சொல்ல கேக்கறேன்" என்றான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தனக்காக அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

விடிகிற வேளையில் மூவரும் கரைக்கு வந்தார்கள். பனி தண்ணீர்மேல் படுத்திருந்தது. பாடு நாளில் மற்றப் படகுகள் எல்லைக்கழிக்கு அந்தப் புறம் நிற்க வேண்டும். தலைக்கட்டு முதல் கழி நட்ட பிறகுதான் அசையலாம். அவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒருவரையும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு தும்மல் கேட்டது, யாரோ படகுத் தண்ணீரைத் தகரத்தால் இறைத்துக் கொட்டுவது கேட்டது. மீரான் பாயின் ஐஸ் படகும் அங்கேதான் எங்கோ இருந்தது.

தெய்வசிகாமணி குனிந்தான். தருமலிங்கம் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் ஏறினார். கிழவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தார், ஆனால் சேற்றில் நடக்கும்போது கனத்தார். இந்திராணி கூழ்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். தண்ணீர் பனியைவிட வெதுவெதுப்பாக இருந்தது.

முழங்கால் தண்ணீர் வந்ததும் மகன் ஆரம்பித்தான்.

"நைனா."

"ஆங்?"

"அக்காவுக்கு ஆரம்பாக்கத்துலேர்ந்து எடம் வந்துச்சாமே."

"கேக்கல. நல்லா சொல்லு."

ஏரிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. காற்றில்லாத விடியலில் தண்ணீர்மேல் பேசினால் அடுத்த திட்டில் கேட்கும். அதனால் படகில் ரகசியம் பேசுகிறவர்கள் கழியால் தண்ணீரை அலம்பிக்கொண்டே பேசுவார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் தெய்வசிகாமணியின் இரண்டு கையும் அப்பாவின் தொடைகளைத் தாங்கியிருந்தன, அப்பாவுக்கோ காது மந்தம். அவன் கத்தினான்.

"அக்காவுக்கு! ஆரம்பாக்கத்துலேர்ந்து! எடம் வந்துச்சா இல்லியா?"

தகரத்தால் தண்ணீர் இறைக்கிற சத்தம் நின்றது.

"பாய் சொன்னானா?" என்று கிழவரும் கத்தினார். காது கேட்காதவர்கள் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துக்கொள்வார்கள்.

"வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"ஏன் வோணாம்ன?"

அவர் மகனின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டார். பிறகு பேசினபோது குரல் உடைந்திருந்தது, ஆனால் சத்தம் குறையவில்லை. "ஒனக்கு தலப்பா கட்டினா எம் பேர அடிச்சுடுவானுங்கடா. அப்பால நான் இன்னா? எங்க நைனாவ அடிச்சப்ப நான் பாத்தேன். காக்கா ஓட்டிகினே செத்தாரு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், இன்னிக்கி காத்து எப்பிடின்னு அவராண்ட வந்து கேட்டானா? நானே கேக்கலியேடா. இப்ப மாசத்துல ஒரு நாளு, ரெண்டு நாளு, ஒம் முதுகு மேல ஏறினாலும் நான் ஒரு ஆளு. அத்த உட முடியல."

"அதுக்காவ அக்காவ இப்பிடி..."

"என்ன மட்டும் கேக்கறியே, நீ மட்டும் யோக்கியனா?" கிழவர் முதுகில் இருந்தபடியே அவனை உலுக்கினார். "போன வருசம் பாய் நம்ம படகாண்ட வந்து பேச சொல்ல நீ எங்க இருந்த? படகுலதான பட்த்துகினு இருந்த? தூங்கறாப்பல கண்ண மூடிகினு. உள்ள கண்ணு உருண்டுகினு இருந்துச்சு. எனக்கு காதுதான்டா மந்தம், கண்ணு இல்ல. எல்லாத்தையும் கேட்டுகினு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி எழுந்து வந்து சோறு தின்ன. நானும் சரி, இவனுக்கும் சம்மதம்தான்னு இருந்துட்டேன்."

தெய்வசிகாமணி நின்றுவிட்டான். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. பின்னால் அக்கா நடக்கிற சலசலப்பும் நின்றுபோனது அவனுக்குக் கேட்டது.

"ஏய், நெசமாடா?" என்றாள் இந்திராணி.

அவன் திரும்பவில்லை. "ஆமா யக்கா."

"தெரிஞ்சிகினேவா இருந்த?"

"எனக்கு பயமா இருந்துச்சு. தலப்பா கட்டினா எல்லாம் எந் தலைல வந்துடும். நைனாவும் பூடுவாரு, நீயும் பூடுவ, எல்லாம் நான்தான் பாக்கணும். இன்னும் ஒரு வருசம் இப்பிடியே இருக்கலாம், இன்னும் ஒரு வருசம் இருக்கலாம்னு..." அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "சுந்தரிகூட கேட்டா. அவளாண்டயும் சொல்லல."

பானை அவள் தலையில் அசையாமல் இருந்தது. இத்தனை வருஷம் தான் இவர்கள் வழியை மறித்து நிற்கிறோம் என்று குறுகிக் குறுகி நடந்தவள், இப்போது யோசித்துப் பார்த்தாள். இவர்கள் இரண்டு பேரும் நடக்கப் புறப்படவே இல்லை. அவளைச் சுவராக வைத்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. முதுகிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி ஒரு லேசு. கோபம் அதற்குப் பின்னால் வந்தது, நன்றாகவே வந்தது. அவள் பனியைப் பார்த்துத் திரும்பினாள்.

"பாய்! மீரான் பாய்!"

"இங்கதாம்மா கீறேன்" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அந்த ரயில்வேக்காரரு கட்டிகினாரா, இன்னும் அப்பிடியே கீறாரா?"

எங்கோ ஒரு படகில் யாரோ இருமினார்கள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் தனக்கு மாப்பிள்ளையைத் தானே கேட்டதில்லை. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டவள் அந்த ஏரியிலேயே கிடையாது.

"அப்பிடியேதாம்மா கீறான்! போன மாசங்கூட, திட்டுலேர்ந்து ஏதாவது சேதி வந்துச்சான்னு கேட்டான்."

"தை பொறந்ததும் வரச் சொல்லுங்க. நைனாவாண்ட கேக்க வோணாம். என்னாண்ட கேக்கச் சொல்லுங்க. நான் சரின்னு சொல்லுவேன்!"

பிறகு ஊர்ப் பெரியதனக்காரரின் குரல் வந்தது. "தருமலிங்கம்! பொழுது வந்துகினு கீது. கழிய நடறியா, எடத்த உடறியா?"

அதுவும் கிழவருக்குத் தெளிவாகக் கேட்டது. மகனின் தோளைத் தட்டினார். "எறக்கு."

"இன்னும் படகு வர்ல நைனா."

"எறக்குன்றேன்ல."

அவன் மெல்ல இறக்கினான். கிழவரின் கால் சேற்றைத் தொட்டது. தண்ணீர் அவரை இரண்டு பக்கமும் தாங்கியது. கரையில் பிடி இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாதவர் ஏரிக்குள் நின்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். கீழே தன் காலைப் பார்த்துக்கொண்டார். மகன் நாலு எட்டு முன்னால் போய்ப் படகிலிருந்து கழியை இழுத்துவந்து கொடுத்தான். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுதும் போட்டு அழுத்தினார். கழி ஆழமாக இறங்கியது.

"பெரியதனம்!" என்றார் அதைப் பிடித்துக்கொண்டே. "மாசி சீட்டுல எம் பேரு வோணாம். பையன் பேர போடு."

"அதுக்கு அவங் கல்யாணம் ஆவணுமே!"

"பொண்ணுக்கு ஆவப் போவுதுன்னு நீயுந்தான கேட்ட? அது ஆனதும் ஆவும். சுண்ணாம்புக்குளத்துக்கு நானே போயி மச்சானாண்ட..."

"நீ வோணாம் நைனா" என்றான் தெய்வசிகாமணி. அதைச் சத்தமாகத்தான் சொன்னான். "நான் போயி கேக்கறேன். அவளாண்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டு கேக்கறேன்."

இந்திராணி கூழ்ப் பானையைக் கொண்டுபோய்ப் படகில் வைத்தாள். தம்பி முகத்தையும் பார்க்கவில்லை, அப்பா முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பிக் கரைக்கு நடந்தாள். எல்லைக்கழிக்கு அப்பால் படகுகள் ஒவ்வொன்றாக அசைய ஆரம்பித்தன. சிரிப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு படகிலிருந்த பெண்பிள்ளை, "நல்லா கேட்டம்மா" என்று மட்டும் சொன்னாள். யார் என்று பனியில் தெரியவில்லை.

அன்றைக்குப் பாடு சுமார்தான். இறால் கொஞ்சம், நண்டு நிறைய.

சாயந்திரம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்திராணி வீட்டுக்குப் பின்னால் மேற்கே பார்த்து உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு பிரியாக எடுத்து வைத்தாள். விரல் வெடிப்பிலும் கொஞ்சம் தடவிக்கொண்டாள். ஏரிமேல் வெளிச்சம் மஞ்சளாகிச் சிவப்பாகிக்கொண்டிருந்தது. மேல்காற்று வீசவில்லை, ஆனாலும் அவள் ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருந்தாள்.

உள்ளே அப்பாவும் மகனும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கிழவர், "அடுப்பு எரியலியேடா" என்றார்.

தெய்வசிகாமணி எழுந்தான். சவுக்குச் சிராயை அடுக்கி நெருப்பு வைத்தான். குடிசை முழுக்கப் புகை. ஊதி ஊதிக் கண் சிவந்தது. அரிசிப் பானையைத் தேடி எடுத்தான். அது எங்கே இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தண்ணி எம்மாம் ஊத்தணும்னு அக்காவ கேளு."

"கேக்க மாட்டேன்."

"கொழஞ்சு பூடும்டா."

"கொழயட்டும்."

குழைந்துதான் போனது. நண்டைத் தட்டிப் போட்டு, மிளகாய்த்தூளைக் கண்ணளவாகக் கொட்டி ஒரு குழம்பும் வைத்தான். அப்பா தட்டை நீட்டினார். அவன் முதல் தட்டை அவருக்குக் கொடுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் இந்திராணி முன்னால் வைத்தான். தண்ணீர்ச் சொம்பையும் வைத்தான். வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றான்.

அவள் தட்டைப் பார்த்தாள். அம்மா போன பிறகு அவளுக்கு யாரும் சோறு போட்டதில்லை. சட்டியில் ஒட்டினதை வழித்துத் தின்பதுதான் அவள் சாப்பாடு. எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிசைந்து வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே மென்றாள்.

"உப்பே இல்ல" என்றாள்.

"போட மறந்துட்டேன் யக்கா."

அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு வெறும் தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வெய்யி."